அந்தப் பொன்னாடையையும் அந்தப் பிள்ளைகள்தான் வாங்கினார்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ரத்ததான முகாமில் ஒரு பெரியவர் இளம்பிள்ளைகளைக் குத்திப் பேசிய அந்த வீடியோவை எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள், அதில் பாதிப் பேர் சிரிக்கிற பொம்மையோடு. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் பகுதி ரத்ததான முகாமுக்குச் சிறப்பு விருந்தினராக வந்த அந்தப் பெரியவர் பேசியபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இந்தக் காலத்துப் பசங்க ஊசியை எடுத்ததும் முதல்ல தேடுறது பஞ்சை இல்ல, போனைத்தான். லைக் வாங்கறதுக்குப் பேரு சேவையா?" என்றார். கைதட்டினார்கள். எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் ஓடுவது அந்த இருபது விநாடிதான். வீடியோவில் சரியாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் மடித்த பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றிருந்தான். பேசி முடித்ததும் போர்த்த வேண்டும் என்று காத்திருந்தான். போர்த்தினான், கும்பிட்டான், இறங்கிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு ஜூஸ் ஊற்றிக் கொடுத்தான். ஷாமியானா, நாற்காலி, ஜூஸ், பிஸ்கட், அந்தப் பொன்னாடை, எல்லாமே முகாமை நடத்திய குழுவின் பிள்ளைகள் ஆளுக்கு 200, 300 என்று ஜிபேயில் போட்டுச் சேர்த்த பணம். கல்லூரியில் படிக்கிறவர்கள், சாயங்காலம் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்கள், வேலை தேடிக்கொண்டிருக்கிறவர்கள். 300 ரூபாய் என்பது அவர்களில் சிலருக்கு ஒரு வாரப் பெட்ரோல்.

இளம்பிள்ளைகள் ஏன் இப்படி ஓடி ஓடிக் கொடுக்கிறார்கள் என்று அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால், பின்னால் நின்றவனிடம் திரும்பிக் கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கிறேன். என் மகள் இரண்டு வருடமாக அந்தக் குழுவில் இருக்கிறாள், அதனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர்கள் உட்காராத சனிக்கிழமை கிடையாது.

ஒருவன் சொன்னது: "அம்மா ஆபரேஷனுக்கு மூணு யூனிட் குடுத்தாங்க ஆன்ட்டி. யாருன்னே எங்களுக்குத் தெரியாது. நான் யாருக்குத் திருப்பிக் குடுப்பேன்?" இன்னொருவன் இன்ஜினியரிங் முடித்து ஏழு இன்டர்வியூ போய்விட்டு வந்தவன். அவன் சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. "கல்யாண வீட்டுக்குப் போனா 'அப்புறம், வேலை என்னாச்சு'ன்னு கேப்பாங்க. பிளட் பேங்க்குக்குப் போனா 'வந்துட்டீங்களா தம்பி'ன்னு கேக்கறாங்க."

நான் சொல்ல வந்தது இதுதான். வீட்டில் உனக்கு ஒன்றும் தெரியாது என்கிறோம். ஆபீசில் அனுபவம் இல்லை என்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு வாசலில் மட்டும், கலங்கிய கண்ணோடு நிற்கிற யாரோ ஒருவர், இந்தப் பையன் வந்தால்தான் ஆயிற்று என்று பாதையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அங்கே அவர்கள் தேவைப்படுகிறார்கள். வேறெங்கும் யாரும் அவர்களை எதிர்பார்த்து நிற்காத வயதில், அங்கே ஒருவர் எதிர்பார்த்து நிற்கிறார். அதற்காகத்தான் இந்தப் பிள்ளைகள் போகிறார்கள். இதில் கேவலம் எங்கே இருக்கிறது?

எனக்கு இது 2015 டிசம்பரிலேயே தெரியும். நாங்கள் அப்போது சென்னையை ஒட்டிய முடிச்சூரில் தரைத்தளத்தில் இருந்தோம். டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது, விடிவதற்குள் கட்டில் மூழ்கிவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. மாமியாரையும் பன்னிரண்டு வயது மகளையும் மாடி வீட்டுக்காரர் தயவில் மேலே ஏற்றினோம். மாமியாருக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும், மருந்து ஃபிரிட்ஜோடு போய்விட்டது. மறுநாள் மத்தியானம் லாரி டியூபில் பலகையைக் கட்டிக்கொண்டு மூன்று பையன்கள் நெஞ்சளவு தண்ணீரில் வந்தார்கள். பாலும் பன்னும் கொடுத்தார்கள். இன்சுலின் என்றதும் ஒருவன் மருந்தின் பெயரைக் கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டு போனான். ராத்திரி ஏழு மணிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "குளிர்ச்சியா வைக்கணுமாமே, பானை இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டான். அவன் பெயரை நான் கேட்கவில்லை. பத்து வருடமாக அது எனக்குள் உறுத்துகிறது. என் மகள் மாடிப்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு நெகட்டிவ் குரூப் ரத்தம் கேட்டு போன் வந்தால் அவள் எழுந்து உட்காருவதற்கும் அந்த மாடிப்படிக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். அதைத்தானே எல்லாரும் கேட்கிறீர்கள்.

போட்டோ எடுக்கிறார்கள், ஆமாம். ஏன் என்று கேளுங்கள். நூறு ரூபாய் அனுப்பிவிட்டு "பில் எங்கே, ஆதாரம் எங்கே" என்று கேட்பது நாம்தான். அவர்களுடைய குழுவில் பால் பாக்கெட் வாங்கிய பில்கூடப் படமாக இருக்கிறது. போட்டோ போட்டால் விளம்பரம் என்கிறோம், போடாவிட்டால் பணம் எங்கே போச்சு என்கிறோம். இரண்டில் எதைச் செய்தால் விடுவீர்கள்? இன்னொன்றும் இருக்கிறது. ஒருத்தி கையில் பிளாஸ்டரோடு படம் போட்டால், பயந்துகொண்டிருந்த அவள் தோழிகள் இரண்டு பேர் அடுத்த முகாமுக்கு வருகிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்தேன். வாங்குகிறவர்கள் முகத்தைப் படம் எடுப்பது தப்பு, அதை நானும் அவர்களிடம் கடிந்து சொல்லியிருக்கிறேன், அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கொடுக்கிறவன் தன் கையைப் படம் எடுத்தால் உங்களுக்கு என்ன வலிக்கிறது?

"சர்டிபிகேட்டுக்காக வருகிறார்கள்." சிலர் வருகிறார்கள். வரட்டும். தலசீமியா என்கிற ரத்தக் கோளாறு உள்ள குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கோ நாலு வாரத்துக்கோ ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற பிளேட்லெட் என்ற தட்டணுக்கள் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, சேமித்து வைத்துக்கொள்ள வழியே இல்லை. காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998இலிருந்து நம் நாட்டில் தடை. அப்படியென்றால் சொந்தக்காரர்கள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மனசு வைத்து வர வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுதான். ஏப்ரல், மே மாதம் கல்லூரிகளை மூடினால் முகாம்கள் குறைந்து ரத்த வங்கிகள் திணறுவதைப் பாருங்கள், யார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று புரியும்.

நல்லவர்கள் போல் வந்து பணம் வசூலித்து ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்களே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறார்கள். கணக்குக் கேளுங்கள். அதோடு முடிந்தது.

"வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்க மாட்டான், ஊருக்குச் சேவை செய்யப் போய்விட்டான்." இது என் அக்கா எழுதியது. அக்கா, இது எனக்கும் வலிக்கிற இடம்தான். என் மகளும் வீட்டில் துணி மடிக்க மாட்டாள். கோபம் வந்திருக்கிறது, கத்தியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார். வீட்டில் அவள் செய்கிற எதையும் நாம் மறுபடி எடுத்துச் சரிசெய்கிறோம். பாத்திரம் கழுவினால் இன்னொரு தடவை கழுவுகிறோம். சாம்பார் வைத்தால் உப்பைச் சொல்கிறோம். அங்கே அவள் மூன்று பேரிடம் போனில் பேசி, ஒருவரை ஆட்டோ ஏற்றி அனுப்பி, ஒன்றரை மணி நேரம் மெஷினில் உட்கார வைத்துப் பிளேட்லெட் எடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள், யாரும் அவளைத் திருத்துவதில்லை. அங்கே அவள் தேவைப்படுகிறாள். இங்கே நாம் அவளைத் தேவைப்படவே விடவில்லை.

அந்தப் பெரியவர் அதே மேடையில் "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்து, பாலம் கல்யாணசுந்தரம் ஐயாவின் பெயரைச் சொன்னார். எனக்கும் கல்யாணசுந்தரம் ஐயா மேல் அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் அவர் எப்போது கொடுக்க ஆரம்பித்தார்? 1962இல், சீனப் போரின்போது, கல்லூரி மாணவராக இருந்தபோது. கழுத்தில் இருந்த தங்கச் சங்கிலியை யுத்த நிதிக்குக் காமராஜரிடம் கொடுத்தவர். அப்புறம்தான் ஸ்ரீவைகுண்டத்தில் நூலகர் வேலை, சம்பளத்தை அப்படியே தானமாகக் கொடுத்தது, 2023இல் வந்த பத்மஸ்ரீ எல்லாம். இன்றைக்கு ஒரு மாணவன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தால் அதையும் லைக்குக்காக என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?

அதே ஸ்ரீவைகுண்டம்தான், 2023 டிசம்பர் 17, 18 மழையில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு நின்றுபோய், பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டார்களே, அந்த ஊர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் எங்கள் பகுதி மறுபடி மூழ்கியிருந்தது. தங்கள் வீட்டுச் சேறே காயாத பிள்ளைகள் பாயும் போர்வையும் சேர்த்து லாரியில் தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வீட்டுக்கே யாராவது வரணும், நீங்க எங்கடா போறீங்க?" என்று கேட்டேன். "நமக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமில்ல ஆன்ட்டி" என்றான் ஒருவன்.

நமக்கும் தெரியும். தெரிந்துதான் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறோம். வீட்டுக்கடன், பிள்ளை படிப்பு, முட்டிவலி என்று நம்மிடம் காரணங்கள் இருக்கின்றன, எல்லாமே உண்மையான காரணங்கள்தான். நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லையே.

கல்லூரியில் நான் என்.எஸ்.எஸ்ஸில் இருந்தேன். கிராமத்து முகாம் வந்தது. பெயர் கொடுத்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ஊரான் வீட்டுக் குப்பையை அள்ளினா நமக்கு என்ன வரும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் பெயரை அடித்துவிட்டு வந்தேன். தோழிகள் திரும்பி வந்தபோது கையெல்லாம் காய்த்து, முகமெல்லாம் கறுத்து, ஒரு மாதம் அதையே பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நல்லவர், அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, இதை அவரிடம் கடைசிவரை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவர் பேசியபோது எனக்குக் கேட்டது அப்பாவின் குரல்தான். அதனால்தான் இத்தனை கோபம் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

நேற்று ராத்திரி மகள் குழுவின் கணக்கை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஜூஸ், பிஸ்கட், பஞ்சு, பேனர், பொன்னாடை 220. அதை அடித்துவிடேன், அவருக்கு எதற்கு என்றேன். "வாங்கினது வாங்கினதுதானேம்மா" என்றாள். வீடியோ வந்த பிறகு மூன்று பேர் குழுவிலிருந்து வெளியே போய்விட்டார்கள் என்றும் சொன்னாள். அதில் ஒருவன் ஓ நெகட்டிவ். அவன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு நானே கூப்பிடப் போகிறேன்.

எனக்கு 48 வயது. போன முகாமில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் 11.8தான் இருக்கிறது, 12.5 வேண்டும் அம்மா என்று திருப்பி அனுப்பினார்கள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமுமாக இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த முகாம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு, அதே மண்டபம், காலை ஒன்பது மணி. நான் வருகிறேன்.