முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதுமா?

போன வாரம் மதியம் 2 மணிக்குப் புதுச்சேரி வைசியாள் வீதியில் நடந்து போனேன். ரோட்டில் கால் வைக்க முடியாத வெயில். ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் ஏறியதும் உடம்பு தணிந்தது. மரத்தூண்கள், மேலே சாய்ந்த ஓட்டுக் கூரை, உள்ளே தள்ளித் திண்ணை. தெருவில் போகிறவர்களுக்காக வீட்டுக்காரர் தன் செலவில் போட்டுக் கொடுத்த நிழல் அது. ஒரு காலத்தில் தமிழர் பகுதித் தெருக்களில் வீட்டுக்கு வீடு இப்படித் தொடர்ந்து இருந்தது. இந்த வீதியின் முகப்புகளைச் சீர்செய்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

பழைய வீடு என்றாலே நாம் முகப்பை மட்டும் பார்க்கிறோம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பெரிய கதவு, ஒரு செல்ஃபி. அந்த வீடு எப்படி மூச்சு விட்டது என்று யாரும் கேட்பதில்லை.

என் பெரியம்மா வீட்டில் நடையைத் தாண்டினால் முற்றம். வெயில் ஏற ஏற முற்றத்துக் காற்று சூடாகி மேலே போகும். வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இந்த ஊரின் கிழக்கு மேற்குத் தெருக்கள் நேராகக் கடலில் போய் முடிகிறவை. பிற்பகலில் கடற்காற்று கிளம்பினால் தெருவோடு வந்து வீட்டுக்குள் நுழைந்துவிடும். கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கி, அதற்கு மேல் தட்டை ஓடு பதித்தது. நல்ல கனம். மே மாதத்தில்கூட அந்தக் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறோம்.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நான்கு பங்காளிகள், பராமரிப்புச் செலவு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காத நிலை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது அங்கே கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி. பக்கத்துச் சுவரைப் பார்த்த ஜன்னல்கள், எப்போதும் மூடியே இருக்கின்றன. உப்புக் காற்றில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, பால்கனிக்கு அடியில் இப்போதே சிமெண்ட் பெயர்ந்து தொங்குகிறது.

அப்படியானால் கான்கிரீட்டே தப்பா? இல்லை. அதற்குச் சாட்சி இதே ஊரில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. அவரோடு வேலை பார்த்த ஜார்ஜ் நகஷிமா இங்கேயே தங்கி வேலையைக் கவனித்தார். 1930-களின் கடைசியில் தொடங்கிய கட்டடம். முழுக்க கான்கிரீட். நீளவாக்கில் வடக்கும் தெற்கும் பார்த்து நிற்கிறது. அந்த இரண்டு பக்கமும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப மூடலாம், திறக்கலாம். அறைக் கதவுகள் தேக்குச் சட்டங்கள், இடைவெளி வழியாகக் காற்று குறுக்கே ஓடும். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று இடைவெளி. மெட்ராஸ் டெரஸ் கனத்தால் வெயிலைத் தடுத்தது, இது இடைவெளியால் தடுக்கிறது. திண்ணை கிடையாது, தூண் அலங்காரம் கிடையாது. ஆனால் என் கண்ணுக்கு அது பெரியம்மா வீட்டின் உறவுதான்.

கலப்பது நமக்குப் புதிதும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பாருங்கள். கீழே நம்மூர் மரத்தூண்களோடு முற்றம், மாடியில் பிரெஞ்சு பாணிச் செங்கல் தூண்கள். 18-ம் நூற்றாண்டிலேயே வேண்டியதை எடுத்துக்கொண்டு, முற்றத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கடற்கரையில் பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அது ஊரின் முகம், கட்டத்தான் வேண்டும். ஆனால் நாம் தினமும் படுத்து எழுகிற வீடுகளுக்கு அந்த அக்கறையில் கால்வாசியாவது வேண்டாமா? மாடி கட்ட அனுமதி தரும்போது காற்று வரும் வழியையும் கேட்டால் என்ன? புது வீட்டுக்கும் தெருப்பக்கம் 4 அடி நிழல் விடச் சொன்னால் என்ன?

என் தம்பி இப்போது வீடு கட்டுகிறான். நடுவில் 6-க்கு 6 அடி திறந்த இடம் விடச் சொன்னேன். "மழை உள்ளே வருமே அண்ணா" என்றான். வரட்டும், கீழே தண்ணீர் போக வழி வை என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறான். நாளைக்குக் கொத்தனாரைப் பார்க்க இரண்டு பேரும் போகிறோம்.