அப்பாவைக் கண்டால் விறைக்கும் கை

என் தம்பிக்கு வயது 16. செரிப்ரல் பால்ஸி, தமிழில் பெருமூளை வாதம் என்பார்கள். உடம்பு எவ்வளவு முடங்கியிருக்கிறது என்று சொல்ல 1997-ல் வெளியான ஐந்து நிலை அளவுகோல் ஒன்று உண்டு. முதல் நிலைப் பிள்ளைகள் நடப்பார்கள், ஓடக்கூடச் செய்வார்கள். தம்பி ஐந்தாம் நிலை. தலை நிற்கவே தாங்கல் வேண்டும். பேச்சு கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "இவனுக்கு எல்லாம் புரியுமா?" என்பார்கள். அவன் காது நன்றாகக் கேட்கும். கேள்வி அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் கேட்கப்படுகிறது.

முதலில் அப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பக்கத்தில் வந்து குனிந்தால் போதும், தம்பியின் உடம்பு பலகை மாதிரி விறைத்துவிடும். தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பும், கை நீண்டு இறுகும், முகம் கோணும். பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும்? பிடிக்கவில்லை, பயப்படுகிறான் என்றுதான். அப்பாவும் அப்படியே எடுத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னதில்லை. தூக்குவது, குளிப்பாட்டுவது எல்லாம் மெல்ல மெல்ல அம்மா கைக்குப் போயிற்று. அப்பா கதவு நிலையில் சாய்ந்தபடி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்கிற ஆளாகிவிட்டார். ஏழெட்டு வருஷம்.

ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் முடிச்சை அவிழ்த்தார். பச்சைக் குழந்தைகளுக்குச் சில அனிச்சைச் செயல்கள் உண்டு. தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக் கை தானாக நீளும். திடுக்கிட்டால் உடம்பே தூக்கிப்போடும். சில மாதங்களில் மறைய வேண்டிய இவை, இப்படிப்பட்ட பல பிள்ளைகளுக்கு மறைவதில்லை. அதற்கு மேல், சத்தம், அவசரம், சந்தோஷம் எது வந்தாலும் தசை இறுகும். ஆசை கூடக்கூட உடம்பு முரண்டு பிடிக்கும். "நீங்க வந்தா அவனுக்கு அவ்வளவு குஷி சார்" என்றார் அவர். அப்பா பதில் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.

உடம்பு பேசுவதை அவனே பேசுவதாக நினைத்து நாங்கள் இழந்த வருஷங்கள் அவை. அதனால்தான் அந்த "புரியுமா" கேள்வி வந்தால் எனக்குச் சுருக்கென்று ஏறுகிறது. பெருமூளை வாதம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. உடல் பாதிப்பு கடுமையாக இருந்தால் அதற்கான வாய்ப்பும் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் வடிகிற எச்சிலையும் கோணுகிற வாயையும் பார்த்து யார் எந்தப் பாதி என்று சொல்ல முடியாது. எச்சில் வடிவது பெரும்பாலும் விழுங்குகிற தசையின் கோளாறு. அதற்கும் மூளைக்குள் ஓடுகிற யோசனைக்கும் சம்பந்தமில்லை.

அதற்காக, உள்ளே ஒரு ஞானி உட்கார்ந்திருக்கிறார் என்று கதை கட்டுவதும் எனக்கு ஆகாது. 1990களில் ஒரு முறை வேகமாகப் பரவியது. பேச முடியாத பிள்ளையின் கையை ஒருவர் தாங்கிப் பிடிக்க, பிள்ளை எழுத்து எழுத்தாகத் தட்டும். கவிதையெல்லாம் வந்தது. பெற்றவர்கள் அழுதார்கள். அப்புறம் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறு படம். தட்டச்சில் வந்தது கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர். அவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, தங்கள் ஆசையைப் பிள்ளையின் விரலில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெற்றவர்களை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் வீட்டில் யாரும் கை பிடிப்பதில்லை. கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், இடப்பக்கம் போனால் இல்லை. கேட்டுவிட்டு மனதுக்குள் பதினைந்து வரை எண்ணுவேன். பதினைந்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் அதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்பேன். எழுத்து வேண்டுமென்றால் வரிசை வரிசையாக நான் சொல்வேன், அவன் கண்ணால் நிறுத்துவான். ஒரு சொல்லுக்குச் சில சமயம் கால் மணி நேரம்.

அப்படி அவன் தெளிவாகச் சொன்ன முதல் பெரிய விஷயம், உடை மாற்றும்போது அம்மா வேண்டாம் என்பது. அப்போது 13 வயது, குரல் உடைய ஆரம்பித்திருந்தது. வேறு எந்தப் பையனுக்கும் இந்த வயதில் வருகிற கூச்சம்தானே? அம்மாவால் தாங்க முடியவில்லை. "பதிமூணு வருஷம் நான்தானே செஞ்சேன், இப்ப நான் அன்னியமா?" இப்போது அப்பா செய்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு. சாத்துவது எதற்கு என்று அம்மா இன்னும் முணுமுணுப்பார்.

கோபம் வந்தால் மற்ற பையன்கள் கதவை அறைவார்கள். இவன் கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இவனைப் போய் "கவலையே இல்லாத தெய்வக் குழந்தை" என்கிறார்கள். "பாரம்" என்று சொல்கிறவர்களை விட இவர்கள் மேல்தான் எனக்கு எரிச்சல் அதிகம்.

ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 8 முதல் 12 வயது வரையுள்ள பெருமூளை வாதம் உள்ள 500 பிள்ளைகளிடமே நேரடியாகக் கேட்ட ஆய்வு 2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. வாழ்க்கை பற்றி அவர்கள் சொன்ன பதில், மற்ற பிள்ளைகள் சொல்வதற்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. 2015-ல் வளரிளம் வயதினரிடம் கேட்டதில் குறை தெரிந்த இடம் நட்பு. வலி இருந்தவர்களுக்குப் பல விஷயங்களில் வாழ்க்கை மோசமாக இருந்தது. தாங்களே பதில் சொல்ல முடிந்த பிள்ளைகளின் கணக்கு இது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த இரண்டு சொற்கள், நட்பு, வலி, எங்கள் வீட்டுக்கு அப்படியே பொருந்துகின்றன. அவன் வயதில் அவனிடம் பேசுகிற ஒருவர்கூட இல்லை. வலியோ, இடுப்பு மூட்டு நழுவியிருப்பது தெரியும்வரை அவனுடைய அழுகைக்கு ஒரு மருத்துவர் வைத்த பெயர் "மூட் சரியில்லை".

என் பங்குத் தப்பும் உண்டு. போன வருஷம் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தோழியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது, நான் என் வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்வது, இதெல்லாம். அன்றைக்கு முழுக்க அவன் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் எழுத்து கேட்டான். "எங்கே" என்று முடித்தான். அம்மாவைத் தேடுகிறானா? இல்லை. அப்பாவையா? இல்லை. ஏழாவதோ எட்டாவதோ ஊகத்தில்தான் பிடிபட்டது. "அப்புறம் நான் எங்கே இருப்பேன்?" என்று கேட்கிறான்.

தெரியவில்லை என்று சொன்னேன். அக்கா பொய் சொல்லவில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். உடை மாற்றும் விஷயம் இருக்கலாமா என்று இரண்டு விதமாகக் கேட்டேன், இருக்கட்டும் என்றான். இன்னொரு பத்திக்குக் கண் இடப்பக்கம் போனது. அதை எடுத்துவிட்டேன்.