அடிக்காமல் இறக்கும் பைல்: மன்னாருக்கு முன் ஒலுவிலைப் பாருங்கள்

மன்னார்ப் பக்கக் கடலுக்குள் காற்றாலை என்றதும் நம்மவர்களில் ஒரு சாரார் "மீனெல்லாம் ஓடிவிடும்" என்கிறார்கள். மறுசாரார் "இப்போது சத்தமில்லாத முறை வந்துவிட்டது" என்று ஒரு காணொளியைப் பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான் இன்று எனக்கு வழக்கு. அவர்கள் சொல்லும் முறை, அதாவது அத்திவாரக் குழாயைச் சம்மட்டியால் அடிக்காமல் அதிர்வால் இறக்கும் முறை, எனக்கும் பிடித்தமானது என்பதால், அதை இவ்வளவு மலிவாக விற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கடல் காற்றாலையின் அத்திவாரம் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய உருக்குக் குழாய், பைல் என்பது இதுதான். எட்டு, பத்து மீற்றர் விட்டம், ஆயிரம் தொன்னைத் தாண்டும் எடை. அதன் தலையில் ஹைட்ரோலிக் சம்மட்டியால் ஆயிரக்கணக்கான தடவை அடித்து இறக்குவதுதான் வழக்கம். அதிர்வு முறையில் அடி கிடையாது. குழாயைப் பற்றிப் பிடித்திருக்கும் இயந்திரத்துக்குள், மையம் விலகிய எடைகள் சோடி சோடியாக எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று தின்றுவிட, மேலும் கீழுமான அதிர்வு மட்டும் மிஞ்சுகிறது, விநாடிக்கு ஏறத்தாழ 20 தடவை. நீர் ஊறிய மணல் பிடியைத் தளர்த்த, குழாய் தன் எடையாலேயே இறங்குகிறது. அலை திரும்பும்போது ஈரமணலில் நின்று பாதத்தை அசைத்தால் கணுக்கால் வரை புதைகிறதே, அதே கதைதான். எங்கள் மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் இதைச் செய்து பார்க்காத பிள்ளை இல்லை.

இது வெறும் ஆய்வுகூடச் சங்கதியும் அல்ல. ஜேர்மனியின் ரிஃப்காட் காற்றாலைப் பண்ணையில் 2012இல் குழாய்களை முதலில் அதிர்வால் இறக்கி, மிச்சத்தைச் சம்மட்டியால் முடித்தார்கள். 2022இல் ஹெல்கோலாந்து தீவுக்கு அருகே காஸ்காசியில் சில குழாய்களை அதிர்வால் மட்டுமே முழு ஆழத்துக்கும் கொண்டுபோனார்கள். இடையில் பத்து வருடம். அந்தப் பத்து வருடத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. சம்மட்டியால் அடிக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் குழாய் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து நிலத்தின் தாங்குதிறனைக் கணிக்கலாம். அதற்கு நீண்டகால அனுபவம் இருக்கிறது. அதிர்வில் அந்தக் கணக்கு இன்னும் அவ்வளவு கைவரவில்லை. காற்றும் அலையும் வருடக்கணக்காகப் பக்கவாட்டில் தள்ளும்போது, அதிர்வால் தளர்ந்த மண் எவ்வளவு உறுதியாகப் பிடிக்கும் என்பதைத் தனியாகச் சோதித்தே அறிய வேண்டியிருந்தது. மணல் என்றால் சுகமாக இறங்கும். இறுகிய களிமண் வந்தால் இயந்திரம் திணறும், பிறகு சம்மட்டியைத்தான் தேட வேண்டும். ஆகவே "எங்கள் திட்டத்தில் சம்மட்டியே கிடையாது" என்று யாராவது மேடையில் சொன்னால், கடலடியில் துளையிட்டு எடுத்த மண்மாதிரி அறிக்கையைக் கேளுங்கள்.

இனிச் சத்தம். சம்மட்டி ஒலிக்கு ஜேர்மனி வைத்திருக்கும் எல்லை, 750 மீற்றர் தூரத்தில் ஓர் அடிக்கு 160 டெசிபெல். அதற்குள் அடக்கத்தான் குழாயைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை போடுகிறார்கள். அதிர்வு முறையில் அந்த உச்ச அடி இல்லை, உண்மை. ஆனால் விட்டுவிட்டு வரும் இடிக்குப் பதிலாக விடாத ஓர் உறுமல் இருக்கிறது. கடல் பாலூட்டிகளின் நடத்தை கலையும் எல்லையாக அமெரிக்காவில் அடி ஒலிக்கு 160 டெசிபெலும் தொடர் ஒலிக்கு 120 டெசிபெலும் வைத்திருக்கிறார்கள். டெசிபெல் கணக்கில் 40 வித்தியாசம் என்றால் ஒலி அழுத்தத்தில் நூறு மடங்கு. அதாவது தொடர் ஒலி அவ்வளவு மெலிதாக இருந்தாலும் போதும், அவை கலைந்துவிடும். சம்மட்டியின் எண்ணையும் அதிர்வின் எண்ணையும் அருகருகே போட்டு "பார், குறைந்துவிட்டது" என்பது பாதிக் கணக்கு.

அந்த ஜேர்மன் எல்லையும் வடகடலின் டொல்பின் போன்ற சிறிய கடற்பன்றிகளை மனதில் வைத்துப் போட்டது. மன்னார் வளைகுடாவில் இருப்பது ஆவுளியா என்னும் கடற்பசு. அடித்தரையில் சங்கும் கடலட்டையும் இறாலும். அடித்தரையில் வாழும் இவற்றுக்குத் தண்ணீரில் வரும் ஒலியைவிட மண்ணில் வரும் அதிர்வுதான் முதலில் எட்டும். மண்ணை அசைப்பதையே தொழிலாகக் கொண்ட இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு உனக்கேன் மன்னார்க் கவலை என்பீர்கள். எங்கள் கரையில் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடற்தரை, ஒடுக்கம், கொஞ்சத் தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடும். தரையில் ஊன்றும் குழாய்க்கு வடக்கும் வடமேற்கும்தான் தோது. இலங்கையின் கடல் காற்றில் 56 ஜிகாவொட் வரை வாய்ப்பு இருப்பதாக உலக வங்கிக் குழுமத்தின் 2023ஆம் ஆண்டு வழிவரைபடம் சொல்கிறது. அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் தரைக் காற்றாலைத் திட்டங்களிலிருந்து 2025இல் விலகியதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்ணையே பதிலாகச் சொல்வேன்.

கவலைக்கு இன்னொரு காரணம், எங்கள் கிழக்குக் கரையின் ஒலுவில் துறைமுகம். 2013இல் திறந்த அந்தத் துறைமுகத்துக்கு டென்மார்க்கின் கடனும் வந்தது, நிபுணத்துவமும் வந்தது. வடக்கு நோக்கி நகரும் மணலை அலைதாங்கிகள் மறித்தன. துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது, ஒலுவில் தொடங்கி நிந்தவூர்ப் பக்கம் வரை கரை கரைந்தது, தென்னைகள் கடலுக்குள் விழுந்தன. கரைவலை இழுப்பவருக்கு எந்த மாதம் மணல் எந்தப் பக்கம் போகும் என்பது தெரியும். அந்த அறிவு திட்ட வரைபடத்துக்குள் நுழைந்திருந்தால் கரைக்கு இந்தக் கதி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதிர்வு முறை வரட்டும், நான் எதிர்க்கவில்லை. சம்மட்டிக்கும் அதற்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மணல் தரையில் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். ஆனால் முதல் குழாய் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்பே கடலடியில் ஒலிவாங்கி போடுங்கள். வாடையிலும் கச்சானிலும் அந்தக் கடல் இயல்பாக எவ்வளவு இரைகிறது என்பது பதிவாகட்டும். தரையின் அதிர்வையும் சேர்த்து அளவெடுங்கள். மண் அறிக்கையையும் ஒலி அறிக்கையையும் தமிழில் மீனவர் சங்கங்களின் கையில் கொடுங்கள். அளப்பதற்கு வெளிநாட்டுக் குழுவைத்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஒலுவிலிலேயே இருக்கிறது, கரை கரைந்ததைப் பக்கத்தில் இருந்தே பார்த்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.