பேருந்தில் ஏறாத 381 நாட்கள்

அமெரிக்காவின் ரோசா பார்க்ஸ் கதையை நமக்குச் சொல்லும் விதத்தில் எனக்கு வெகுநாள் எரிச்சல். வேலை முடிந்து களைத்துப்போன ஒரு கறுப்பினத் தையல்காரம்மா பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தார், கைதானார், ஊரே பொங்கியது, சட்டம் மாறியது. அவ்வளவுதான் கதை. இதைக் கேட்டு வளர்ந்தவர்கள், என்றாவது ஒருநாள் யாரோ ஒருவர் பொங்குவார், மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

1955 டிசம்பர் 1 அன்று கைதானபோது பார்க்ஸுக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில், அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரக் கிளையின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்திருந்தார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே கிளாடெட் கொல்வின் என்ற 15 வயதுப் பெண் இதே குற்றத்துக்காகக் கைதாகியிருந்தாள். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று மேயருக்கு 1954லேயே கடிதம் எழுதிவிட்டார். பார்க்ஸ் கைதான இரவு, அந்த ஆசிரியை தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் விடிய விடிய பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தார். அரசுக் கல்லூரி, அரசின் காகிதம்! இந்த இடத்தை எப்போது படித்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

சரி, பேருந்தில் ஏறாதீர்கள் என்று சொல்லியாயிற்று. மறுநாள் காலை வேலைக்கு எப்படிப் போவது?

போராட்டத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருந்தது. முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். டாக்சிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் இருக்கிறது என்ற விதியைக் காட்டி நகராட்சி அதைத் தடுத்தது. உடனே சொந்தக் கார் வைத்திருந்தவர்களைத் திரட்டினார்கள். சுமார் 300 கார்கள், ஏறும் இடம், இறங்கும் இடம், நேர அட்டவணை என்று ஒரு தனிப் போக்குவரத்துக் கழகமே உருவானது. போலீஸ் சும்மா இருக்குமா? 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30ல் போனார் என்று போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங்கையே பிடித்து உள்ளே வைத்தது. வண்டிகளுக்கான காப்பீடு ரத்தானது. கடைசியில் லண்டன் லாயிட்ஸில் காப்பீடு வாங்கினார்கள். புரட்சியைப் பற்றிப் பேசும் யாராவது காப்பீட்டைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

1956 நவம்பரில் கார் ஏற்பாட்டுக்கே நீதிமன்றத் தடை வந்தது. அதே நாளில்தான் பேருந்தில் இனப்பாகுபாடு செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. ஆனால் உத்தரவு கைக்கு வந்து சேர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை காரும் இல்லை, பேருந்திலும் ஏறவில்லை. நடந்தார்கள். மொத்தம் 381 நாட்கள்.

அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருத்தி, முன்பு சொன்ன கிளாடெட் கொல்வின். வென்றது வழக்கா, புறக்கணிப்பா என்று இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அகிம்சை என்றால் அடியை வாங்கிக்கொண்டு கைகட்டி நிற்பது என்று நினைப்பவர்கள் டென்னசியின் நாஷ்வில் நகரத்துக் கறுப்பின மாணவர்களைப் பார்க்கட்டும். வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடைகளில் போய் உட்காரும் முன், இறையியல் மாணவர் ஜேம்ஸ் லாசன் நடத்திய பயிற்சிகளில் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். பாதிப்பேர் அடியாட்களாக நடிப்பார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். தலையைக் காத்துக்கொள்வது எப்படி, திருப்பி அடிக்கத் துடிக்கும் கையை அடக்குவது எப்படி என்று மற்றவர்கள் பழகினார்கள். 1960 பிப்ரவரியில் போலீஸ் ஒரு குழுவைக் கைது செய்து கொண்டுபோனதும், அடுத்த குழு வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. மே மாதம் கடைகள் இறங்கிவந்தன. கோழைகள் செய்கிற வேலையா இது?

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அடக்கப்படுகிறவனுக்கு அகிம்சைப் பாடம் எடுக்கும் கூட்டத்தில் நானும் சேர விரும்பவில்லை. அடிப்பவனிடம் ஒரு வார்த்தை பேசாமல், அடிபடுகிறவனிடம் மட்டும் அமைதி காக்கச் சொல்வது அயோக்கியத்தனம். விலையும் கொஞ்சநஞ்சமில்லை. 1977ல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில், ராணுவ ஆட்சியில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு 14 தாய்மார்கள் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூடி நிற்கக் கூடாது, நடங்கள் என்றது போலீஸ். சரி என்று சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களை ஒன்று திரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் கடத்திக் கொல்லப்பட்டார். ராணுவ ஆட்சி போனது 1983ல்தான், அதற்கும் தாய்மார்கள் மட்டுமே காரணமில்லை. பிரிட்டனிடம் ஃபாக்லாந்துப் போரில் தோற்றதும் பொருளாதாரம் சரிந்ததும் சேர்ந்துகொண்டன.

1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஆராய்ந்த அரசியல் ஆய்வாளர்கள் எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீபனும், ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதமும் ஆயுதமேந்தியவற்றில் 26 சதவீதமும் வென்றதாகக் கணக்கிட்டார்கள். மறுபக்கம் பார்த்தால், ஆயுதமில்லாத போராட்டங்களிலும் ஏறக்குறைய பாதி இலக்கை எட்டவில்லை. அண்மைக்காலத்தில் வெற்றி விகிதம் இன்னும் குறைந்திருக்கிறது. திடீரென்று தெருவில் கூட்டம் சேர்ப்பது இப்போது சுலபமாகிவிட்டது, காரும் காப்பீடும் ஏற்பாடு செய்யத்தான் ஆளில்லை என்பது என் சந்தேகம்.

சூடானில் ஆள் இருந்தார்கள். 2019 ஜூனில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள்மீது படுகொலை நடத்தி, இணையத்தையும் ராணுவம் துண்டித்தபோது, தெருக்குழுக்கள் வீடு வீடாகச் சேதி சொல்லி அந்த மாத இறுதியில் பெரும் பேரணியை நடத்திக் காட்டின. 2021ல் ராணுவம் ஆட்சியை மறுபடி பிடுங்கிக்கொண்டது, 2023ல் போர் வெடித்தது. ஜனநாயகம் வரவில்லை. ஆனால் அந்தத் தெருக்குழுக்களில் இருந்தவர்கள் பலர் கலைந்துபோகவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு மருந்து வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். குண்டுவீச்சுக்கு நடுவே பொதுச் சமையலறைகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.