கொசைனைப் பெருக்க வேண்டியது வெயிலோடு

ஓர் இடத்தின் வெப்பநிலை தெரிய, பூமத்திய ரேகையின் வெப்பநிலையை அந்த இடத்து அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் போதும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் 60 டிகிரியில் கொசைன் 0.5, 300 கெல்வின் (27 செல்சியஸ்) பாதியாகி 150, அதாவது மைனஸ் 123 செல்சியஸ். அந்த அட்சரேகையில் இருக்கும் ஓஸ்லோக்காரர்கள் பாவம் சார்!

கொசைன் பாதியாக்குவது தரையில் விழும் வெயிலை. வெப்பநிலை அந்த ஆற்றலின் நான்காம் படிமூலத்தோடுதான் போகும்; பாதி வெயிலுக்கு 0.84 பங்கு. சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில் வருகிறது, அதில் 30 சதவீதம் திரும்பிவிடுகிறது என்று வைத்து, பகலிரவு சமமான நாளுக்குப் போட்டுப் பார்த்தேன்: பூமத்திய ரேகைக்கு 270 கெல்வின், தஞ்சாவூருக்கு 269, 60 டிகிரிக்கு 227. தஞ்சாவூரில் மைனஸ் 4 செல்சியஸ்! காற்று வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் விளைவைச் சேர்க்காததால் வரும் கூத்து இது. துருவத்துக்கோ பூஜ்யமே வரும். காற்றும் கடலும் வெப்பத்தை அங்கே சுமந்து போவதை 1969இல் புடிகோ, செல்லர்ஸ் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கணக்கில் கொண்டுவந்தார்கள். வெள்ளிக் கோளில் காற்று அவ்வளவு அடர்த்தி, துருவமும் நடுப்பகுதியும் ஏறக்குறைய ஒரே சூடு.

அட்சரேகை மட்டும் போதாது என்பதற்கு எங்கள் ரயில் பாதையே சாட்சி. திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் நான்குமே கிட்டத்தட்ட 10.8 டிகிரிதான். மே மாத மதியம் திருச்சியில் பிளாட்பாரத்து இரும்பு பெஞ்சில் கை வைக்க முடியாது. அதே நேரம் நாகையில் கடல்காற்று கிளம்பிவிட்டால் சட்டை படபடக்கும். புழுக்கம் வேறு கதை.

அடுத்த பகுதியில் செவ்வாய்க் கோளை எடுங்களேன். காற்று மெல்லியது, இந்த நான்காம் படிமூலச் சூத்திரம் அங்கே இன்னும் நன்றாகப் பொருந்தும். அதன் அச்சின் 25 டிகிரி சாய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள்.