ஒரே ஆளுக்கு எதுக்கு முந்நூறு ரூபாயாம்!

எந்தப் பதிவைச் சொல்றேன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தெரியாதவங்க தேடிப் போக வேண்டாம், அதுக்கு இன்னும் நாலு லைக் விழும். எங்க சின்ன நாடகத் தியேட்டரோட அடுத்த மாச போஸ்டரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு, அதுல மேல இருக்கற தனிநடிப்பைக் காட்டி (ஒரே ஆள் நடிக்கற நாடகம்), "ஒரு ஆள், ஒரு ஸ்டூல், டிக்கெட் 300. இதுல ஸ்டூலுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு?"ன்னு கேட்டிருந்தார் சார். கீழ ஒரு பெருங்கூட்டமே விழுந்து விழுந்து சிரிச்சிருந்தது. அதுல பாதிப் பேர் எங்க இடத்துக்கு வந்து, ஓசி பாஸ்ல உக்காந்து, முடிஞ்சதும் நடிகர் தோள்ல கை போட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டவங்க. ரொம்ப சந்தோஷம்.

பதில் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். நான் நடிகை இல்லை, லைட்ஸ் போடறவ. இருட்டுல உக்காந்து வேலை பாக்கறவ வெளிச்சத்துக்கு வந்து சண்டை போடக்கூடாதுன்னு ஒரு எண்ணம். முடியலை.

ஒரு ஆள் நடிச்சா அது பாதி நாடகம் இல்லைங்க. முழு நாடகம். ஹால் வாடகை தலைக்கு இவ்வளவுன்னு போடறதில்லை. கரன்ட் பில்லுக்கு மேடையில எத்தனை பேர்ங்கற கணக்கு தெரியாது. ஒத்திகை மட்டும் குறையும்னு நினைக்கிறீங்களா? எட்டுப் பேர் நாடகத்துல ஒருத்தருக்கு வசனம் மறந்தா பக்கத்துல இருக்கறவர் எடுத்துக் கொடுத்துடுவார், ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. பெரிய மேடைன்னா சைடு விங்ல பிராம்ப்ட்டர் நிப்பார். எங்க இடத்துல ஏது விங்? கருப்புத் துணிக்குப் பின்னாடி சுவர், சுவருக்குப் பின்னாடி பக்கத்து வீட்டு சமையல்கட்டு. ஏழரை மணிக்குத் தாளிக்கிற வாசனை வரும். மறந்தா மறந்ததுதான். நடிக்கறவங்களே சமாளிக்கணும், இல்லைன்னா நான் லைட்டை அணைக்கணும்.

சார் கிண்டல் பண்ண அதே ஸ்டூலைப் பத்தியே சொல்றேன். அதுல உக்காந்து போன் பேசற காட்சி ஒண்ணு இருக்கு. கையில போன் கிடையாது. எதிர்ப்பக்கம் யார்னு அவங்க வாயால சொல்லவும் மாட்டாங்க. கால் கட்டைவிரலைப் பாத்தா தெரியும். மாமியார்னா மடங்கி ஸ்டூல் கம்பியைப் பிடிச்சுக்கும், தங்கச்சின்னா சும்மா ஆடிக்கிட்டு இருக்கும். முதல் வரிசைக்கும் அந்த விரலுக்கும் ஆறடி கூட இருக்காது. அதுக்குத்தான் சின்ன தியேட்டர். ஆயிரம் சீட் ஹால்ல அந்த விரலைப் பாக்க பைனாகுலர் வேணும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வேலை"ன்னு ஒரு தம்பி கமெண்ட் போட்டிருந்தார். தம்பி, ஹரிகதை கேட்டிருக்கீங்களா? பக்கவாத்தியம் கூட இருக்கும், சரி. ஆனா கதையில வர்ற ராஜா, ராணி, வாயில்காப்போன் அத்தனை பேரும் பாகவதர் ஒருத்தர்தான். போன நூற்றாண்டு ஆரம்பத்துலயே சி.சரஸ்வதிபாய் ஒத்தைப் பொம்பளையா மேடையில நின்னு சபையைக் கட்டிப்போட்டாங்க. அப்பவும் யாராவது ஆள் கணக்கு கேட்டிருப்பாங்களோ என்னமோ. கேரளாவோட பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்துல நிர்வஹணம்னு ஒரு பகுதி, ஒரே நடிகர் முன்கதை முழுக்க நடிச்சுக் காட்டுவார், நாள் கணக்குல போகும். ஆரோவில் பக்கத்துல இருக்கற ஆதிசக்தி நாடகக் குழுவுல வினய் குமார் தனியா நடிச்ச பிருஹன்னளா, நிம்மி ராஃபேல் தனியா நடிச்ச நித்ராவத்வம் எல்லாம் எங்கெங்கயோ போய்ட்டு வந்தது. பிரீதம் சக்கரவர்த்தி தனி ஆளா நின்னு திருநங்கைகள் வாழ்க்கையை நடிச்சுக் காட்டினாங்க. இவங்ககிட்ட எல்லாம் போய் ஸ்டூல் வாடகை கேப்பீங்களா?

ஏன் ஒரே ஆள்னு எங்க அப்பாவும் கேட்டார். அதையும் சொல்லிடறேன். அவர் சபா டிராமா ஆள். கிரேஸி மோகன் வசனத்தை சாப்பாட்டு நேரத்துல ஒப்பிப்பார், அம்மா சிரிக்கலைன்னா இன்னொரு தடவை ஒப்பிப்பார். எங்க இடத்துக்கு ஒரு தனிநடிப்புக்குக் கூட்டிட்டு வந்தேன். முழுசா உக்காந்து பாத்தார். வெளிய வந்து என் காதுல, "பாவம்மா அந்தப் பொண்ணு, கூட நடிக்க யாருமே வரலையா இன்னிக்கு?"ன்னார். விளக்கினேன், காதுல ஏறலை. நேரா டிக்கெட் மேஜைக்குப் போய் இன்னொரு டிக்கெட் காசை வெச்சுட்டு, "அடுத்த தடவை துணைக்கு ஒருத்தரைப் போட்டுக்கங்க"ன்னுட்டு செருப்பை மாட்டிக்கிட்டார். இதுவும் அதே கேள்விதான். ஆனா அந்த மனுஷன் காசைக் குறைக்கச் சொல்லலை, கூட வெச்சுட்டுப் போனார். அந்த வித்தியாசம் புரிஞ்சவங்க மேல படிங்க.

இந்த ஊர்ல நாடகத்துக்குக் காசு கொடுத்துப் பழக்கமே இல்லைங்கறதுதான் நிஜம். சபாவுல வருஷ சந்தா கட்டின மெம்பர் வீட்டம்மாவோட வருவார், அவர் அளவுல டிராமா ஓசி. டிசம்பர்ல மத்தியான கச்சேரி ஓசி. கேன்டீன்ல மட்டும் வரிசையில நின்னு, காசு கொடுத்து, இலை முன்னாடி உக்காந்து சாப்பிடுவோம், அங்க யாரும் "ஒரே ஒரு வடைதானே"ன்னு பேரம் பேசறதில்லை. ஸ்டாண்டப் காமெடியும் ஒரே ஆள்தான், ஒரே மைக்தான். அதுக்கு 800, 1000 கொடுத்துட்டு ஸ்டோரி போடறீங்க. நாடகத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கே, 2018ல அதுக்கான டிக்கெட் விலை வரம்பை 250லேர்ந்து 500 ரூபாயா ஏத்தினாங்க. அரசாங்கமே 500 வரைக்கும் பாவம் பொழைச்சுப் போகட்டும்னு விட்டிருக்கு. சார் விட மாட்டேங்கறார்.

"எல்லாராலயும் 300 கொடுக்க முடியுமா, கலை மக்களுக்கு இல்லையா"ன்னு ஒரு கேள்வி வரும். ஸ்டூடன்ட்ஸுக்கு 100 ரூபாய், போஸ்டர்லயே இருக்கு. அடுத்து.

பார்க்கிங். ஆமா, பார்க்கிங் இல்லை. எத்தனை பேர் அதை எழுதியிருக்கீங்க! எங்க தெரு ரெண்டு ஆட்டோ எதிரெதிரா வந்தா ஒண்ணு பின்னாடி போக வேண்டிய தெரு. அங்க ஒரு காரைக் கொண்டுவந்து எதிர்வீட்டு கேட்டை மறிச்சு நிறுத்திட்டு, அந்த வீட்டுப் பெரியவர் மேல வந்து கதவைத் தட்டி, நான் நடுக்காட்சியில லைட் போர்டை விட்டுட்டு இறங்கிப் போய், இருட்டுல வண்டி நம்பரைப் படிச்சு, திரும்ப உள்ள வந்து மெதுவா சொன்னா, சொந்தக்காரர் "கிளைமாக்ஸ் முடிஞ்சுடட்டுமே"ங்கறார். அந்தக் கிளைமாக்ஸுக்கு லைட் போட வேண்டியதே நான்தானுங்க! பஸ் வருது. மெட்ரோ வருது. இல்லையா, ஆட்டோவுக்குக் கொடுங்க. மால்ல பார்க்கிங்குக்கு மட்டும் மணிக்கு இவ்வளவுன்னு கட்டறப்போ யாருக்கும் கை நடுங்கறதில்லை.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம நவீன நாடகத் தோழர்கள். போஸ்டர்ல கீழ ரெண்டு காமெடி நாடகம் இருக்கறதைப் பாத்துட்டு, "நவீன நாடகம்னு சொல்லிட்டு சபா டிராமாவுக்கு இறங்கிட்டீங்களா"ன்னு துக்கம் விசாரிக்கறாங்க. மேல இருக்கற தனிநடிப்பைப் பாத்தவங்களுக்கு நாங்க புரியாத கூட்டம். கீழ இருக்கற காமெடியைப் பாத்தவங்களுக்கு நாங்க விலைபோன கூட்டம். ஒரே போஸ்டர்!

தெருக்கூத்துல கட்டியக்காரன்ங்கற கோமாளி இல்லாம ராத்திரி விடியுமா? துரியோதனனை மேடையிலேயே வெச்சு வாரறவன் அவன்தானே. எம்.ஆர்.ராதா மேடையில அடிச்ச நக்கல் பொறுக்காமத்தான் 1954ல நாடகத்துக்குன்னே ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் வந்ததுன்னு சொல்லுவாங்க. பரீக்‌ஷா நாடகக் குழு நடத்தின ஞாநி போட்ட வழக்குலதான், 2013ல, உயர் நீதிமன்றம் அதோட முக்கியமான பிரிவுகளை ரத்து பண்ணுச்சு. சிரிப்பு அவ்வளவு லேசான சமாச்சாரமா இருந்தா அதுக்கு எதுக்கு ஒரு சட்டம், ஒரு கேஸு? இத்தாலியில தாரியோ ஃபோன்னு ஒரு நாடகக்காரர் போலீஸ் காவல் மரணத்தை வெச்சே ஜனங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சார். அந்தாள் தனி ஆளா நின்னும் நடிச்சிருக்கார், 1997ல நோபலும் வாங்கினார். அவர்கிட்ட ஸ்டூல் இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது.

காமெடிக்கு லைட் போட்டுப் பாருங்க, அப்பத் தெரியும். சோகக் காட்சியில அரை செகண்ட் லேட்டா ஃபேட் பண்ணா "அழகா இருந்தது"ம்பாங்க. காமெடியில அரை செகண்ட் லேட்டா அணைச்சா சிரிப்பு செத்துடும். சிரிப்பு அடங்கற வரைக்கும் அடுத்த வசனத்தை வாயிலேயே வெச்சுக்கிட்டு நிக்கணும், முழுசா அடங்கவும் விடக்கூடாது. அப்பா கூட போன சபா டிராமாக்கள்ல அதைத்தான் பாத்து வளந்தேன். அதைக் கேவலம்னு சொல்ல எனக்கு வாய் வராது. சொல்றவங்க சொல்லிக்கங்க.

இன்னொண்ணு. பசுபதியும் குரு சோமசுந்தரமும் ஸ்க்ரீன்ல ஒரு பார்வை பாத்தா "என்னா நடிப்புடா"ன்னு பக்கம் பக்கமா எழுதறீங்களே, அந்தப் பார்வை எங்கேர்ந்து வந்துச்சு? கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவுலேர்ந்துதான். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தார்ங்கற கதையை நாலு பேர்கிட்ட சொல்லாதவங்க உண்டா? அந்தக் கணக்குல வரவு எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சிருக்கீங்களா? ந.முத்துசாமி 1977லேர்ந்து இழுத்துட்டு வந்த தேரு அது. அவர் 2018ல போனப்போ எல்லாரும் கண்ணீர் அஞ்சலி போட்டீங்க. நம்ம சாரும் போட்டார், ரொம்ப நல்லா எழுதியிருந்தார், நானே ஷேர் பண்ணேன். செத்தா அஞ்சலி, சினிமாவுக்குப் போனா பெருமை. நடுவுல உயிரோட, அதே இடத்துல, அதே வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஸ்டூல் ஜோக்.

அந்த ஸ்டூல் பதிவை, தனிநடிப்புல நடிக்கப்போற பொண்ணும் பாத்துடுச்சு. எனக்கு அனுப்பி, "அக்கா, ஸ்டூலை எடுத்துட்டு நின்னுக்கிட்டே பண்ணிடட்டுமா?"ன்னு கேட்டுச்சு. ஜோக்கா கேட்டுச்சா நிஜமா கேட்டுச்சான்னு இன்னும் புரியலை. ஸ்டூல் இருக்கும்னு சொல்லிட்டேன். என் லைட் க்யூ அத்தனையும் அதை வெச்சுத்தான் இருக்கு.

அடுத்த மாசம் முதல் ரெண்டு வார சனி, ஞாயிறு தனிநடிப்பு. மூணாவது வாரம், அடுக்குமாடி சங்க மீட்டிங் ஒண்ணுல நடக்கற காமெடி, எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் 300தான், சார் வகுத்துப் பாத்துக்கலாம். நாலாவது வாரம் ஒரு கல்யாண புரோக்கர் கதை. சாயங்காலம் ஏழு மணி. ஏழுன்னா ஏழு. டிக்கெட் கதவுகிட்டயும் கிடைக்கும். பாஸ் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, எங்க அம்மாவுக்கே இந்தத் தடவை பாஸ் இல்லை.

பி.கு.: "வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டா உக்காந்த இடத்துலயே பாப்போமே"ன்னு கேட்ட அண்ணனுக்கு: போட மாட்டோம்.