28-ஆம் இன்ஸ்ட்

பெரியவர்: இன்ஸ்டாகிராம் ஐடி கேக்குறான்மா, மனு வாங்குற கிளார்க்குப் பையன்! எங்கிட்ட! சாக்கடை உடைஞ்சதுக்கு!

செல்வி: எதுக்காம் சார்?

பெரியவர்: '28-ஆம் தேதி இன்ஸ்டால போட்டதா எழுதியிருக்கீங்க, தேடினேன், கிடைக்கலியே'ங்கிறான். நான் எழுதினது '28-ஆம் இன்ஸ்ட்.' இன்ஸ்டன்ட்னா நடப்பு மாசம். லத்தீன்!

செல்வி: காப்பியக் குடுங்க... மனு தேதி ஜூன் 2. சாக்கடை எப்ப உடைஞ்சது?

பெரியவர்: மே 28.

செல்வி: அப்ப 'அல்ட்.'னுல்ல வரணும்? அல்டிமோ, போன மாசம்.

பெரியவர்: ...டிராஃப்ட் போட்டது மே 30. அன்னிக்கு இன்ஸ்ட் சரிதான். ஃபேர் காப்பி எடுக்கிறதுக்குள்ள மாசம் பொறந்துடுச்சு.

செல்வி: மேல தேதிய மாத்திட்டீங்க, கீழ இன்ஸ்ட்ட விட்டுட்டீங்க. இந்த வார்த்தையோட வம்பே இதான் சார். அதுக்குன்னு சொந்த மாசம் கிடையாது, மேல இருக்கிற தேதியப் பிடிச்சுத் தொங்கும். '28-05'னு எழுதியிருந்தா நீங்க தீபாவளிக்கு டைப் அடிச்சாலும் அது மே மாசம்தான்.

பெரியவர்: அவனுக்குத்தான் தெரியலன்னு சூப்பிரண்ட்கிட்ட போனேன். அவர் பழைய ஆளு, இன்ஸ்ட் தெரிஞ்சவர். 'இந்த மாசம் 28 இன்னும் வரலியே சார்'னு திருப்பிக் குடுத்துட்டார்.

செல்வி: தெரியாத பையனே தேவல. தேடவாவது தேடினான்.

பெரியவர்: சரி, இன்ஸ்ட்ட எடுத்துட்டு அல்ட்னு அடி.

செல்வி: அடிக்கிறேன். நாளைக்கு அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் எங்கன்னு கேப்பாங்க, எடுத்து வச்சுக்குங்க.

பெரியவர்: நக்கலு! அடுத்த மாசத்துக்கு 'ப்ராக்ஸ்.', தெரியுமா? ப்ராக்ஸிமோ.

செல்வி: அதப் போட்டா நீங்களே வரணும், ப்ராக்ஸி கூடாதும்பாங்க. சார், கமிஷனர் பேருக்கு முன்னாடி 'மிஸ்டர்', பின்னாடி 'எஸ்கொயர்'. ஒண்ணு போட்டா இன்னொண்ணு போடக் கூடாதே.

பெரியவர்: மரியாதைக்கு ரெண்டு இருக்கட்டுமேன்னு...

செல்வி: அந்தம்மாவுக்கு ரெண்டுமே ஆகாது.

பெரியவர்: லேடியா?

செல்வி: வாசல்லயே போர்டு இருக்கு. இது என்ன, 'விஸ்.'?

பெரியவர்: ஐயோ, அப்படி வாசிக்காத. எழுதுறதுதான் வி-ஐ-இசட், வாசிக்கும்போது 'நேம்லி'ங்கணும், அதாவதுன்னு அர்த்தம். விடெலிசெட்ங்கிறதோட சுருக்கம். அந்த இசட்டும் நெஜ இசட் இல்ல. கையெழுத்துப் பிரதி காலத்துல வார்த்தையச் சுருக்கினா 3 மாதிரி ஒரு கொக்கி போடுவாங்க. அச்சுல அது இசட்டாயிடுச்சு.

செல்வி: கொக்கி வரைக்கும் இருக்கு. உடைஞ்சது எத்தன அடி, எந்தத் தெரு?

பெரியவர்: நாலடி. மூணாவது குறுக்குத் தெரு, ரேஷன் கடை முன்னாடி.

செல்வி: அது மனுவுலயே இல்ல. தண்ணி எந்தப் பக்கம் தேங்குதுன்னும் இல்ல. 'ஹம்ப்ளி பெக்' மட்டும் மூணு எடத்துல இருக்கு. நைஸ் சார்.

பெரியவர்: நைஸா? அந்த வார்த்தையோட பூர்வீகம் தெரியுமா உனக்கு? நெஸ்கியுஸ், ஒண்ணும் தெரியாதவன். இங்கிலீஷ்ல மொதல்ல அதுக்கு முட்டாள்னுதான் அர்த்தம்.

செல்வி: தெரிஞ்சுதான் சொன்னேன்.

பெரியவர்: ...

செல்வி: எழுதுறது நீங்க, வாசிக்கிறது அந்தப் பையன், ரிப்பேர் பண்றது மேஸ்திரி. இதுல எங்க சார் வெள்ளைக்காரன் வந்தான்? 1956-லயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தாச்சு. 'மே 28 அன்று எங்கள் தெருச் சாக்கடை நான்கு அடி நீளத்துக்கு உடைந்துவிட்டது'ன்னு அடிச்சா அவனுக்கு ஐடி எதுக்கு?

பெரியவர்: தமிழ்லயா? கனம் இருக்காதேம்மா.

செல்வி: இங்கிலீஷ்ல கனமா இருந்துதான் நகரவே மாட்டேங்குது.

பெரியவர்: சரி, தமிழ்லயே அடி. ஆனா முடிவுல மட்டும் 'ஐ ஹேவ் தி ஆனர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்'. அது இருந்தே ஆகணும்.

செல்வி: கமிஷனர் லேடி சார்.

பெரியவர்: 'மேடம்'னு மாத்திக்கோ.

செல்வி: மாத்தலாம். ஆனா அது ரெண்டாவது பக்கத்துக்குப் போயிடும். பக்கத்துக்கு முப்பது ரூபா.

பெரியவர்: ...'இப்படிக்கு'ன்னு போட்டு முடிம்மா.